ஒரு நாளைக்குத்தானுங்க

போன தை மாதம் பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் பருப்புக்கு ஒரு தடவை நெய் வாங்கியாகிவிட்டது. மறு சுற்றில் நெய்ச்சட்டியோடு வந்தவர் எனக்கு மச்சான் முறை. இலைக்கு மேலே கையை விரித்து மறித்துக்கொண்டு, "போதுமுங்க மச்சா" என்றேன். அவர் காதில் வாங்கிக்கொண்டேதான் ஊற்றினார். நெய் புறங்கையில் விழுந்து, விரலிடுக்கில் வழிந்து, சோற்றில் இறங்கியது.

"அட, ஒரு நாளைக்குத்தானுங்க மாப்ள! அதுல என்ன ஆயிரப் போகுது?"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். நெய்யைச் சோற்றில் துடைத்துப் பிசைந்து சாப்பிட்டேன். நல்ல ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கிய நெய். வீணாக்க மனசு வராது.

ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல்தான் காதில் நின்றது. கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் முப்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். "ஒரு நாள்" என்று யாராவது சொன்னால் எத்தனை ஒரு நாள் என்று கூட்டிப் பார்க்கிற புத்தி. டைரியை எடுத்து அந்த மாதத்தைக் கூட்டினேன். பொங்கல் மூன்று நாள். கல்யாணம் நான்கு. புதுவீடு பால் காய்ச்சியது ஒன்று, காதுகுத்து ஒன்று. ஆபீஸில் பிறந்தநாள் கேக் இரண்டு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய் வந்தவர்கள் கொடுத்த பஞ்சாமிர்த டப்பா ஒன்று. பையனுக்கு வேலை கிடைத்தது என்று நண்பர் கூட்டிப்போன ஓட்டல் ஒன்று. மொத்தம் பதின்மூன்று. முப்பது நாள் மாதத்தில் பதின்மூன்று "ஒரு நாள்".

இந்தக் கணக்கைப் போட வைத்தது மார்கழியில் எடுத்த ஒரு ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.6. அது 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு வயது 54. பெரிய அதிர்ச்சி என்றும் சொல்ல முடியாது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. அந்த ஜனத்திரளில் நானும் ஒருவன், அவ்வளவுதான்.

பயந்தவன் முதலில் என்ன செய்வான்? கடைக்குப் போவான். நானும் போனேன். ஆர்.எஸ்.புரத்திலிருந்து சிங்காநல்லூர் வரைக்கும் இன்று "இயற்கை அங்காடி" இல்லாத வீதி குறைவு. சாமை, தினை, வரகு வாங்கினேன். மரச்செக்கு எண்ணெய் வாங்கினேன். வெள்ளைச் சர்க்கரையை ஒழித்துவிட்டுக் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை இரண்டு கிலோ. ராகி பிஸ்கட், கம்பு மிக்சர், தினை லட்டு. பை கனத்தது, பர்ஸ் இளைத்தது, மனசு லேசானது. நோய்க்கு விலை கட்டிவிட்டேன் என்ற நிம்மதி. காலையில் காப்பிக்கு இரண்டு கரண்டி நாட்டுச்சர்க்கரை. அது "நம்ம" சர்க்கரையாயிற்றே, ஒன்றும் செய்யாது என்று நம்பினேன். பழனி பஞ்சாமிர்தத்துக்கே கவுந்தப்பாடியிலிருந்துதான் சர்க்கரை போகிறது. முருகனுக்கு ஆகிறது எனக்கு ஆகாதா?

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 7.5.

என் சின்னம்மா மகள் ஊட்டச்சத்து படித்தவள். அவினாசிலிங்கம் கல்லூரியில் படித்தாள். தி.சு. அவினாசிலிங்கம் 1957-இல் பெண்களுக்கென்று தொடங்கிய மனையியல் கல்லூரி அது. ராஜம்மாள் தேவதாஸ் போன்ற ஊட்டச்சத்து அறிஞர் தலைமையேற்று வளர்த்த இடம். சமையல் என்பது கைப்பக்குவம் மட்டுமல்ல, அளந்து பார்க்க வேண்டிய ஒரு அறிவு என்று கொங்கு நாட்டுப் பெண்களுக்கு அறுபது எழுபது வருஷமாகச் சொல்லித் தருகிற கல்லூரி. தங்கச்சி என் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு பொட்டலமாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தாள். பிறகு சிரித்தாள்.

"ஏனுங்ணா, நீங்க சாப்பாட்ட மாத்தலீங்ணா. பொட்டலத்தத்தான் மாத்தியிருக்கீங்க."

ராகி பிஸ்கட்டில் முதலில் எழுதியிருந்தது கோதுமை மாவு, அடுத்தது சர்க்கரை, அதற்கடுத்து எண்ணெய். ராகி நான்காவது இடத்தில் ஒதுங்கி நின்றது. கம்பு மிக்சர் எண்ணெயில் பொரித்ததுதான். கம்பு என்பதற்காக எண்ணெய் தள்ளி நிற்காது. நாட்டுச்சர்க்கரையில் கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் தாது உப்புகள் உண்டு, நல்ல வாசனையும் உண்டு. ஆனால் பெரும்பகுதி அதே கரும்புச் சர்க்கரைதான். ரத்தத்துக்குள் போனபின் அது எந்த ஊர்ச் சர்க்கரை என்று கணையம் விசாரிப்பதில்லை. சிறுதானியமும் தானியம்தான். நூறு கிராம் கம்பில் இருக்கும் கலோரிக்கும் நூறு கிராம் அரிசியில் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசமெல்லாம் நார்ச்சத்தில், தாதுக்களில், மெதுவாகச் செரிப்பதில். ராகியில் நூறு கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. அரிசி அதன் பக்கத்தில் கூட வராது. ஆனால் அதே ராகியை நைசாக மாவாக்கிக் கூழாகக் காய்ச்சி இரண்டு டம்ளர் குடித்தால் மெதுவாகச் செரிக்கும் நன்மை பாதி போய்விடும். தவிட்டை முழுக்கத் தீட்டி வெள்ளை வெளேர் என்று வரும் சாமைக்கும் இதே கதிதான்.

"அப்ப எதத்தான் சாப்படறது?" என்றேன் எரிச்சலோடு.

"எதச் சாப்படறதுன்னு கேக்காதீங்ணா. எவ்வளவு, எப்ப, எதோட சேத்தின்னு கேளுங்க" என்றாள்.

அன்று ராத்திரி என் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, நினைவு வந்தது. காங்கேயத்துக்குத் தெற்கே கொறங்காட்டுச் சீமை. கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், நடுவே மேயும் காங்கேயம் மாடுகள். பள்ளி லீவுக்குப் போனால் அங்கே சோறு என்று தனியாக ஒன்று கிடையாது. கம்மஞ்சோறு உண்டு, சோளச்சோறு உண்டு, நோம்பி நொடிக்கு நெல்லுச்சோறு உண்டு. எந்தச் சோறு என்று அடைமொழி வைத்தால்தான் புரியும். இன்று என் வீட்டில் சோறு என்றால் அரிசி மட்டும்தான். மற்றதெல்லாம் அகராதியிலிருந்தே விழுந்துவிட்டது.

அம்மிச்சி கம்பு குத்துவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசிறி உரலில் போடுவார். உலக்கை ஏறி இறங்கும். உமி கழன்றதும் முறத்தில் புடைத்து, மறுபடி உரலில் போட்டு உடையக் குத்துவார். சின்ன அத்தை எதிரே நின்று மாற்றிக் குத்தினால் கொஞ்சம் சீக்கிரம் முடியும். பிறகு அடுப்பு, துடுப்பு, கிளறல். ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீர்ச் சட்டியில் போடுவார். மறுநாள் காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு எல்லாரும் காட்டுக்குப் போவார்கள். மாட்டுக்குக் கொள்ளு வேகும். இறுத்த தண்ணீரில் ரசம், கொஞ்சம் எடுத்துக் கடைந்தால் பருப்பு. மழை பெய்தால் காட்டில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை. யாரும் விதைப்பதில்லை, யாரும் விலை கேட்பதில்லை.

"அந்தக் காலத்துச் சாப்பாடு அமிர்தம்" என்று இன்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் பேசினேன். கல்லூரிப் பையனாக ஊருக்குப் போய், "அம்மிச்சி, உங்க சாப்பாடுதான் சத்தானது, நெல்லுச்சோறெல்லாம் வெறும் சக்கை" என்று சொன்னேன். அவர் தோள்பட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "தின்னவனுக்கு ருசி தெரியும் கண்ணு. குத்துனவளுக்குத்தான வலி தெரியும்."

அவருடைய தங்கை வாக்கப்பட்டது வாய்க்கால் பாயும் ஊரில். வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே போவது அம்மிச்சிக்குத் திருவிழா. அரிசி அரை மணியில் வெந்துவிடும், உலக்கை வேண்டாம், வெள்ளையாக இருக்கும், ஒறம்பரைக்கு மரியாதையாகப் பரிமாறலாம். நெல்லுச்சோறு அவருக்கு நோயின் வாசல் அல்ல, விடுதலையின் வாசல். அவர் கம்பைத் தேர்ந்தெடுத்துச் சாப்பிடவில்லை. மானாவாரிக் காடு கொடுத்தது கம்பு, அவ்வளவுதான். நாள் முழுக்க வெயிலில் வேலை. ராத்திரி பொழுது போனதும் படுக்கை. உடம்பு அளவோடு இருந்தது அவர்கள் ஞானத்தால் அல்ல, வேறு வழி இல்லாததால். அவர் பெற்ற ஒன்பதில் தங்கியது ஐந்து என்பதையும் அந்தப் பொற்காலக் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும்.

வேறு வழி எப்போது வந்தது? கொங்கு நாட்டுத் தட்டைப் பொறுத்தவரை எனக்கு 1955 ஒரு முக்கியமான வருஷம். அந்த வருஷம் பவானிசாகர் அணை முடிந்தது. அதிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் காட்டியது. வறண்ட காட்டில் நெல் வந்தது. அதே 1955-இல்தான் கோவையில் பி. சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மோட்டாரில் சுழல விட்டு வெட் கிரைண்டரைக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். அதுவரை தீபாவளிக்கும் நோம்பிக்கும் மட்டும் அவிந்த இட்லி, வாரம் ஏழு நாளும் அவியத் தொடங்கியது. ஒரு பக்கம் தண்ணீர் அரிசியைக் கொடுத்தது; இன்னொரு பக்கம் இயந்திரம் அதை அரைத்துக் கொடுத்தது. பெண்களின் தோள்பட்டை தப்பியது. இரண்டையும் நான் நன்றியோடுதான் எழுதுகிறேன்.

சர்க்கரைக் கதை இன்னும் பழையது. கரும்பு இனப்பெருக்கு நிலையம் கோவையில் தொடங்கியது 1912-இல். இங்கே விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் உருவாக்கிய கோ 205 என்ற ரகம் 1918-இல் பஞ்சாப் வயலுக்குப் போனது. அதிலிருந்து வடஇந்தியக் கரும்புக் காட்டில் "கோ" என்ற எழுத்தில்லாத ரகம் அபூர்வம். "கோ" என்றால் கோயம்புத்தூர். வேடிக்கை என்னவென்றால், 1923-இல் சிறுதானியத்துக்கென்று ஒரு ஆராய்ச்சி நிலையமும் இதே ஊரில் வந்தது. ரங்கசாமி ஐயங்கார் அதை நடத்தினார். இங்கிருந்து வந்த கம்புக்கும் சோளத்துக்கும் அதே "கோ" பட்டம்தான். சர்க்கரையும் இந்த ஊரில் பிறந்தது, மாற்றும் இந்த ஊரில் பிறந்தது. நம் நாக்குதான் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று நோயாளியை வைவது நம்மிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. என் தட்டில் என்ன விழும் என்பதை நான் பிறப்பதற்கு முன்னாலேயே ஒரு அணையும் ஒரு இயந்திரமும் பாதி தீர்மானித்துவிட்டன. மீதியை ரேஷன் கடை தீர்மானிக்கிறது. 2011 முதல் அரிசி விலையில்லாமல் வருகிறது. பசியை ஒழித்த திட்டம், அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு நடுராத்திரி இரண்டு பரோட்டா சாப்பிடும் பையனிடம் போய், "தம்பி, சாமைச்சோறு சாப்பிடு" என்பது உபதேசம் அல்ல, கேலி. அவன் கைக்கு எட்டும் இடத்தில், அவன் கூலிக்கு எட்டும் விலையில் நல்ல சாப்பாடு இருக்க வேண்டும். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023-இல் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியது அந்த வழியில் வைத்த ஒரு அடி. அங்காடியில் தினை லட்டு விற்பது அந்த வழி அல்ல.

ஆனால் ஊரின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துவிட முடியாது. அணை என் அப்புச்சி காலத்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு பேக்கரி வாசலில் நிற்பது நான்தானே.

கோவையில் பேக்கரி என்பது கடை அல்ல, ஒரு பழக்கம். மூலைக்கு ஒன்று. கண்ணாடிப் பெட்டிக்குள் பப்ஸ், தேங்காய் பன், ஹனி கேக்; வெளியே பாய்லர், டீ மாஸ்டர், நின்றபடியே பேசும் பத்துப் பேர். நாயம் பேசத்தான் போகிறோம், டீ அதற்கு வாடகை. நான் ஒரு நாளைக்கு நான்கு டீ குடிப்பேன். ஒரு நாள் மாஸ்டர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு டம்ளருக்குக் குவித்து இரண்டு கரண்டி, எப்படியும் பத்து கிராம். நான்கு டம்ளர், நாற்பது கிராம். ஒரு நாளைக்கு வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை ஐம்பது கிராமைத் தாண்டக் கூடாது, இருபத்தைந்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் ஒரு சராசரி ஆளுக்குக் காட்டும் அளவு. அந்த இருபத்தைந்து டீயிலேயே முடிந்துவிட்டது. பன், கேக், தினை லட்டு எல்லாம் கடன்.

"சர்க்கரை இல்லாம ஒண்ணு" என்று முதல் நாள் சொன்னபோது மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்ணா, கம்மியாங்களா, இல்லாமயேங்களா?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். "கம்மியா" என்று சொல்லித் தப்பித்தேன். கம்மி என்றால் ஒன்றரைக் கரண்டி. இரண்டு வாரம் அப்படி. பிறகு ஒரு கரண்டி. பிறகு அரை. இரண்டு மாதத்தில் இல்லாமலேயே குடிக்கப் பழகினேன். இன்று தவறிப்போய் சர்க்கரை டீ கையில் வந்தால் பாயசம் போல இருக்கிறது. நாக்கு பிடிவாதக்காரன் என்று நினைத்திருந்தேன். இல்லை, அது நம் வீட்டுக் கன்றுக்குட்டி மாதிரி; மெதுவாக இழுத்தால் வரும், வெடுக்கென்று இழுத்தால் முரண்டும்.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான். நல்ல சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் இடம் இலை முன்னால் இல்லை. இலை முன்னால் உட்கார்ந்தபின் பசி, வாசனை, வெட்கம், ஒறம்பரை எல்லாம் சேர்ந்து ஒரு கை. நம் வைராக்கியம் தனியாக ஒரு கை. தோற்பது நிச்சயம். தேர்வு அதற்கு முன்னால் நடக்க வேண்டும். கடையில் வாங்கும்போதே, ராத்திரி எத்தனை மணிக்கு அடுப்பை அணைப்பது என்று முடிவு செய்யும்போதே, ஐந்து மணிப் பசிக்கு டிபன் டப்பாவில் ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலை போட்டுக்கொள்ளும்போதே நடக்க வேண்டும். வயிற்றில் கடலை இருந்தால் தேங்காய் பன் வெறும் பன்னாகத்தான் தெரியும். ரோட்டோரத்துக் காளான் கடையில் கல்லில் கரண்டி தட்டும் சத்தமும் முன்போல் இழுக்காது. பேர்தான் காளான், தட்டில் பாதிக்கு மேல் முட்டைக்கோஸும் மைதாவும் எண்ணெயும் என்பது வயிறு நிறைந்தவனுக்குத்தான் ஞாபகம் வரும்.

தங்கச்சி சொன்னபடி தட்டையும் கொஞ்சம் திருப்பிப்போட்டேன். அரிசியை விடவில்லை. அரிசிம்பருப்புஞ்சோறு இல்லாமல் கொங்கு நாட்டில் ஒருவன் உயிர் வாழலாம், வாழ்ந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. முன்பு சோற்றைக் குவித்து, பொரியலை ஓரத்தில் பொட்டு மாதிரி வைத்துக்கொள்வேன். இப்போது பொரியலும் கீரைக் கடைசலும் பாதித் தட்டு. கொள்ளுப்பருப்போ பச்சைப்பயறோ கால் தட்டு. கொள்ளில் நூறு கிராமுக்கு 22 கிராம் புரதம் இருக்கிறது. சோறு மிச்சமிருக்கும் காலில். முதலில் காயும் பருப்பும், பிறகு சோறு. ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பாடு முடித்து, வீதியில் இருபது நிமிஷம் நடை. ரேஸ்கோர்ஸ் வரைக்கும் கார் ஓட்டிப்போய் நடந்துவிட்டு, திரும்பும் வழியில் வடை சாப்பிட்ட காலம் ஒன்று எனக்கும் இருந்தது. சாப்பிட்ட கையோடு நடந்தால் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசையே இழுத்துக்கொள்ளும். அதற்கு ஷூ கூடத் தேவையில்லை.

இதில் நான் பெருமை பேசாமல் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. முதல் மூன்று மாதம் "எனக்கு நார்ச்சத்து, எனக்குக் கீரை" என்று நான் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி இரண்டு சமையல் சமைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்று, பையன்களுக்கு ஒன்று. ஒரு நாள் இரண்டு கட்டு அரைக்கீரையை என் முன்னால் வைத்து, "ஆரோக்கியம் உங்களுது, ஆயறது மட்டும் என்னுதுங்களா?" என்றார். அம்மிச்சியின் தோள்பட்டை கண்முன் வந்தது. பழைய சாப்பாடு நல்ல சாப்பாடுதான். அதைப் பழையபடி ஒருத்தி முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தால் அது எப்படி நல்லதாகும்? அன்று முதல் ராத்திரி ஏழு மணிக்குக் கீரை ஆய்வதும் சின்ன வெங்காயம் உரிப்பதும் என் வேலை. உட்கார்ந்து ஒரு கட்டு ஆய அரை மணி ஆகிறது. அந்த அரை மணியில் முன்பு நான் மிக்சர் தின்றுகொண்டு டிவி பார்த்தேன். இப்போது வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமையல். பையன்கள் முனகினார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

ஆவணியில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். 6.8. மாத்திரை இன்னும் போடுகிறேன். டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை போடுவேன். கீரையை நம்பி மாத்திரையைத் தூக்கி எறிந்து கால் புண்ணோடு ஆஸ்பத்திரி சேர்ந்தவர்களை எங்கள் வீதியிலேயே பார்த்திருக்கிறேன். 6.8 வெற்றி என்றும் சொல்லமாட்டேன். ஏதோ ஒரு வழி பிடிபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பந்தி.

டீ மாஸ்டரிடம் சொல்லப் பழகிய வாய் மச்சானிடம் பழகவில்லை. நம் சீமையில் "போதுமுங்க" என்பதை யாரும் நம்புவதில்லை. மூன்று தடவை சொன்னால்தான் முதல் தடவை சொன்னதாகக் கணக்கு. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் கோவை, சேலம் சீமைகளைச் சூறையாடியது. வருஷக்கணக்கில் மழை பொய்க்கும் காட்டில், கம்மஞ்சோற்றுக்கே அளந்து போட்ட வீடுகளில், விருந்தாளி "போதும்" என்பது பெரும்பாலும் பொய்யாகத்தான் இருந்திருக்கும். வீட்டுக்காரிக்குச் சிரமம் வேண்டாம் என்று வயிற்றைச் சுருக்கிக்கொண்டு சொன்ன நல்ல பொய். அந்தப் பொய்யைக் கண்டுபிடித்து இன்னொரு கரண்டி வைத்தவள் புண்ணியவதி. பசித்தவன் மறைத்த பசியைக் கண்டுகொள்வதற்காக ஏற்பட்ட மரியாதை அது. என் மச்சான் என் புறங்கையில் ஊற்றியது வெறும் நெய் அல்ல, அந்த மரியாதையும்தான் என்று இப்போது நினைக்கிறேன். அதனால்தான் கோபம் வரவில்லை.

ஆனால் பஞ்சம் போய்விட்டது. இன்றைய பந்தியில் "போதும்" என்கிறவர் பெரும்பாலும் நிஜத்தைத்தான் சொல்கிறார். சட்டைப்பையில் மாத்திரை அட்டை இருக்கும். காலையில் ஊசி போட்டுக்கொண்டு வந்திருப்பார். சபையில் சொல்ல வெட்கப்பட்டுக் கையை மட்டும் விரிப்பார். அவருக்கு அது அந்த மாதத்தின் பதின்மூன்றாவது "ஒரு நாள்" என்பது பரிமாறுகிறவருக்குத் தெரியாது.

அடுத்த முகூர்த்தம் கார்த்திகையில், எங்கள் வீட்டுக் கல்யாணம். நெய்ச்சட்டி இந்தத் தடவை என் கையில். பரிமாறப் போகும் பையன்களிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், உங்களிடமும் சொல்கிறேன்: வேண்டும் என்றவருக்கு மனசு நிறைய ஊற்றுங்கள். கையை மறித்தவரிடம் ஒரு தடவை கேளுங்கள். அப்புறமும் கையை எடுக்கவில்லை என்றால், கரண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விடுங்கள்.